உரோமப் பேரரசின் வீழ்ச்சியும் உரோமச் சட்டத்தின் நிலைபேறும்

கி.பி. 476ஆம் ஆண்டில் ஒடோவாக்கர் என்னும் படைத்தலைவன், மேற்கு உரோமின் இளம் பேரரசனான ரொமுலஸ் அகஸ்துலஸை அரியணையினின்றும் அகற்றினான். அவனுக்குப் பதிலாக வேறொருவன் மேற்கில் அமர்த்தப்படவில்லை. அரச சின்னங்கள் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு அனுப்பப்பட்டன. இவ்வாண்டையே உரோமப் பேரரசின் இறுதியாண்டாகப் பாடநூல்கள் குறிப்பது வழக்கம். எனினும் ஒரு பேரரசின் எல்லாக் கூறுகளும் ஒருங்கே அழிவதில்லை. உரோமில் எது அழிந்தது, எது எஞ்சியது, ஏன் எஞ்சியது என்பனவே ஈண்டு நோக்கற்பாலன.

1776க்கும் 1788க்கும் இடையில் தம் பெருநூலை வெளியிட்ட எட்வேர்ட் கிப்பன், குடிமைப் பண்பின் தளர்ச்சியையும் கிறித்தவத்தின் எழுச்சியையும் வீழ்ச்சிக்கான காரணங்களுட் சிலவாகக் கொண்டார். ஆயின் கிறித்தவம் ஆழ வேரூன்றிய கிழக்குப் பேரரசு 1453 வரை நிலைத்தமையால், இவ்விளக்கம் போதியதன்று. பேரரசின் பொருளாதார அடித்தளத்தையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

உரோம அரசு நிலையான பெரும்படையையும், அப்படையைப் பேணும் வரியையும் ஆதாரமாகக் கொண்டது. 235க்கும் 284க்கும் இடைப்பட்ட காலத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் படைகளின் துணையுடன் அரியணை ஏறினர். படைக்கு ஊதியம் வழங்குவதற்காக நாணயத்தின் தரம் குறைக்கப்பட்டது; அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளி நாணயத்திலிருந்த வெள்ளி 5 வீதத்திலும் குறைந்தது. டயோக்கிளீசியன் நிருவாகத்தைச் சீரமைத்து, 301இல் விலைகளுக்கு உச்சவரம்பு விதித்தும் விலையேற்றம் அடங்கவில்லை. வரிச்சுமை இறுதியில் உழவர்மீதே விழுந்தது. தப்பியோடிய குத்தகை உழவரைத் திரும்ப ஒப்படைக்கவேண்டும் எனவும், ஓட எண்ணுவோரை விலங்கிடலாம் எனவும் 332இல் கொன்ஸ்தந்தைன் விதித்த சட்டம் அக்காலச் சமுதாய நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

இத்தகைய நிலையிலேயே புறத்தாக்குதல்கள் வலுப்பெற்றன. 378இல் அத்ரியானோப்பிள் போரில் பேரரசன் வலென்ஸ் மாண்டான். 410இல் உரோம் நகர் கொள்ளையிடப்பட்டது. ஆயினும் 439இல் வண்டாலர் கார்த்தேஜைக் கைப்பற்றியமை இதனினும் பேரிழப்பாகும். மேற்கின் தானியத்துக்கும் வருவாய்க்கும் வட ஆபிரிக்காவே பெருந்துணையாயிருந்தது. வருவாய் குன்றப் படை குன்றியது. படை குன்ற மேலும் மாகாணங்கள் கைநழுவின. வட ஆபிரிக்காவை மீட்க 468இல் அனுப்பப்பட்ட பெருங் கடற்படையும் தோல்வியுற்றது. எகிப்து, சிரியா ஆகியவற்றின் செல்வத்தைத் தன்வசம் வைத்திருந்த கிழக்கு இக்கதியிலிருந்து தப்பியது.

இவ்வாறு படையும் வரியமைப்பும் சிதைந்த பின்னரும் நிலைத்தது சட்டமாகும். 528இல் பேரரசன் யஸ்தீனியன் தொடங்கிவைத்த தொகுப்புப் பணி 534 அளவில் நிறைவெய்தியது. 533இல் வெளிவந்த 'டைஜெஸ்ட்' என்னும் தொகுதி, 39 சட்டவறிஞரின் எழுத்துகளிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகளை 50 நூல்களில் அடக்கியது. பேரரசனின் நோக்கம் தன் ஆட்சியை வலுப்படுத்துவதே. ஆனால் அத்தொகுப்பு அவன் பேரரசையும் கடந்து வாழ்ந்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் இத்தாலியின் பொலோஞா நகரில் அது மீண்டும் கற்பிக்கப்படலாயிற்று. இது வெறும் பழம்பெருமை நாட்டமன்று. விற்பனை, வாடகை, கூட்டு வாணிபம், கடன் ஆகியவை பற்றிய நுணுக்கமான விதிகள் அதிற் பொதிந்திருந்தன. புத்துயிர் பெற்று வந்த ஐரோப்பிய வாணிபத்துக்கு அத்தகைய விதிகள் தேவைப்பட்டன.

ஒல்லாந்தில் இச்சட்டம் உள்ளூர் வழக்குகளோடு கலந்து உரோமன்-டச்சுச் சட்டமாயிற்று. 1631இல் வெளிவந்த ஹியூகோ குரோசியஸின் நூல் அதற்கு ஒழுங்கான வடிவம் தந்தது. ஒல்லாந்தர் அதனை இலங்கையின் கரையோரப் பிரதேசங்களுக்குக் கொண்டுவந்தனர். 1796இல் அவர்தம் ஆட்சி நீங்கியபோதும் சட்டம் நீங்கவில்லை. 1799ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பிரகடனம் அதனைத் தொடரச் செய்தது. ஒல்லாந்து 1809இல் பிரெஞ்சு வழிச் சட்டக்கோவைக்கு மாறியபின்னும், இலங்கையில் உரோமன்-டச்சுச் சட்டம் பொதுச்சட்டமாக இன்றும் நிலவுகின்றது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை கூறாதுவிட்ட விடயங்களிலும் அதுவே வழிகாட்டுகின்றது.

எனினும் இம்மரபு முற்றிலும் போற்றத்தக்கதன்று. ஒப்பந்தத்தில் நன்னம்பிக்கையை வலியுறுத்திய அதே சட்டம், அடிமையை உடைமையாகவும் கொண்டது. அடிமைமுறை இயற்கைக்கு முரணானது என யஸ்தீனியனின் பாடநூல் ஒப்புக்கொண்டபோதும் அதனை விலக்கவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையிலும் அடிமைமுறை சட்டத்தின் ஆதரவைப் பெற்றிருந்தது. தேசவழமைத் தொகுப்பிலும் அடிமைகள் பற்றிய விதிகள் இடம்பெற்றன. 1844இலேயே அடிமைமுறை இங்குச் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த விதிகள் நிலைக்க, அடிமை விதிகள் நீக்கப்பட்டன. ஆகவே ஒரு பேரரசின் மரபு தானே நிலைப்பதன்று. பின்வந்த சமுதாயங்கள் தம் தேவைக்கும் மனச்சான்றுக்கும் ஏற்ப அதிற் சிலவற்றைக் கொண்டும் சிலவற்றைத் தள்ளியும் வந்துள்ளன. உரோமின் வீழ்ச்சியைக் கற்போர், அவ்வாறு கொண்டவர் யார், தள்ளியவர் யார் என்பதையும் சேர்த்துக் கற்றல் வேண்டும்.