வரியாக ஏற்ற சீட்டு

ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில், சுமார் 4,200 பேர் வாழ்ந்த வோர்கிள் நகராட்சி 1932 ஜூலைக் கடைசியில் சொந்தமாக வேலைச் சீட்டுகளை அச்சிட்டு வெளியிட்டது. ஊரில் வேலையில்லாதோர் ஏராளம், வரிபாக்கியோ அதைவிட அதிகம். மேயர் உன்டர்குகன்பெர்கர், சில்வியோ கெசல் என்ற பொருளியல் சிந்தனையாளரைப் பின்பற்றி, சீட்டின் மதிப்பு மாதம் 1 சதவீதம் தேயும்படி செய்தார். மாதாமாதம் வில்லை வாங்கி ஒட்டினால்தான் முழு மதிப்பு, ஆகவே பூட்டி வைத்தால் நஷ்டம். அந்தச் சீட்டில் கூலி வாங்கியவர்கள் தெருக்களைச் செப்பனிட்டார்கள், பாலம் கட்டினார்கள். தேசிய வங்கி எதிர்த்ததால் 1933 செப்டம்பரில் எல்லாம் நின்றது. மக்களின் பணத்தை அரசு நெரித்துக் கொன்றது என்றே இதை இன்றும் சொல்கிறார்கள். சொல்பவர்களுக்கு, நகராட்சியும் ஓர் அரசுதான் என்பது மறந்துவிடுகிறது.

கடைக்காரர் அந்தச் சீட்டை ஏன் வாங்கினார்? ஊர்ப்பற்று கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அதைக் கொண்டு வரி கட்டலாம் என்பதே உறுதியான காரணம். பழைய பாக்கிகள் வசூலாயின. சிலர் முன்கூட்டியே கட்டினார்கள். வந்த சீட்டையே நகராட்சி மறுபடி கூலியாகக் கொடுத்தது. அதனால்தான் சராசரியாக, ஆஸ்திரிய நாணயத்தில் 6,000 ஷில்லிங்குக்கும் குறைவான சீட்டுகளே அத்தனை வேலைக்கும் போதுமாயின. தேய்மானம்தான் ஓட்டத்துக்குக் காரணம் என்று கெசலின் சீடர்கள் வாதிடுவார்கள். தேய்மானம் சீட்டைக் கையிலிருந்து தள்ளியது, சரி. தள்ளிய சீட்டு போய்ச் சேர வரிக் கவுண்டர் இல்லாதிருந்தால், மாதக் கடைசியில் யார் அதை வாங்கியிருப்பார்கள்?

சீட்டுகளுக்கு ஈடாக வங்கியில் ஷில்லிங் இருந்ததே, 2 சதவீதக் கழிவில் மாற்றிக்கொள்ளவும் முடிந்ததே, பிறகு தடை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. முதல் உலகப்போருக்குப் பின் சில்லறை இல்லாதபோது நூற்றுக்கணக்கான ஆஸ்திரிய ஊர்கள் அவசரகால நோட்டு அச்சிட்டதை வியன்னா பொறுத்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் 1922 வரை நீடித்த பணவீக்கம் சேமிப்புகளை விழுங்கிய பிறகு, நோட்டு வெளியிடும் தனியுரிமையோடு புதிய தேசிய வங்கி பிறந்தது. அந்த வங்கிக்கு வோர்கிள் அச்சிட்ட தொகை பெரிதல்ல. பிற ஊர்களும் அதே வழியில் இறங்க ஆர்வம் காட்டியதுதான் உறுத்தியது. தடை பொருளாதாரத்துக்கு நல்லதாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். வரி வாங்கும் ஓர் அமைப்பு தன் வரியை எதில் ஏற்கலாம் என்று யார் முடிவு செய்வது என்பதே வழக்கு. 1933 நவம்பரில் நிர்வாக நீதிமன்றம் நகராட்சியின் முறையீட்டைத் தள்ளுபடி செய்து, அந்த அதிகாரம் வோர்கிளுக்கு இல்லை என்றாக்கியது.