50.56 என்ற எண்: கொல்கத்தாக் குப்பையின் வாயு வளத்தை எங்கே அளப்பது?

கொல்கத்தாவின் குப்பையிலிருந்து எவ்வளவு எரிவாயு எடுக்கலாம் என்று கணக்கிடும் எழுத்துகளில் ஓர் எண் திரும்பத் திரும்ப வருகிறது: 50.56. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) 2004-05இல் 59 நகரங்களில் நடத்திய ஆய்வு, அந்நகரக் குப்பையில் மட்கும் பொருளின் பங்கு இத்தனை விழுக்காடு என்று அட்டவணையிட்டது. அந்த எண்ணைக் கையில் எடுத்தவர்கள் அடுத்து செய்வது பெருக்கல். நாளுக்கு 2,653 டன் குப்பை. அதில் பாதிக்குச் சற்று மேல் மட்கும் என்றால் 1,341 டன். டன்னுக்கு இவ்வளவு வாயு. ஆகவே நகரத்துக்கு இவ்வளவு. குப்பை இன்று நாளுக்கு 4,000 டன்னைத் தாண்டிவிட்டதால், விடையும் அதே வேகத்தில் வளர்ந்துகொண்டே போகிறது.

பெருக்கலில் பிழையில்லை. பெருக்க எடுத்துக்கொண்ட எண்தான் அந்த வேலைக்கு உரியதில்லை. ஒரு நகரத்தின் வாயு வளம் அந்த நகரக் குப்பையின் சராசரிக் கலவையில் இல்லை. குப்பை எந்த வாசலில் பிறந்து, யார் கையில் எப்படிப் போகிறது என்பதில் இருக்கிறது. இதை நிறுவ வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. நீரியின் அதே அட்டவணையை, அதில் இடம்பெற்ற நகரங்களில் அக்காலத்திலும் பின்னரும் நடந்தவற்றோடு வைத்துப் படித்தால் போதும்.

நான்கு நகரங்களை எடுத்துக்கொள்ளலாம். மட்கும் பொருளின் பங்கு கொல்கத்தாவில் 50.56, இந்தூரில் 48.97, லக்னோவில் 47.41, சென்னையில் 41.34. இந்த எண் வாயு வளத்தைச் சுட்டுவது உண்மையானால் கொல்கத்தா முதலிடத்திலும் சென்னை கடைசியிலும் இருந்திருக்க வேண்டும். கார்பன்–நைட்ரஜன் விகிதத்தைப் பார்த்தால் லக்னோவின் நிலை இன்னும் சிறப்பு: 21.41. காற்றில்லாச் செரிமானத்துக்கு 20 முதல் 30 வரை உகந்தது என்று எந்தப் பாடநூலும் சொல்லும். சென்னை 29.25, இந்தூர் 29.30, கொல்கத்தா 31.81. ஈரப்பதத்திலும் 60 விழுக்காட்டோடு லக்னோவே முன்னே நிற்கிறது. கொல்கத்தா 46, சென்னை 47, இந்தூர் வெறும் 31. மொத்தத்தில் இந்த அட்டவணையை மட்டும் கையில் கொடுத்து, உயிர்வாயு ஆலைக்கு ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் லக்னோவைக் காட்டாத பொறியாளர் அரிது.

அட்டவணை வருமுன்பே லக்னோவில் ஓர் ஆலை கட்டவும்பட்டிருந்தது. 2003இல் 5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்தோடு தொடங்கிய அந்த ஆலை, வீதிகளிலிருந்து வந்த கலப்புக் குப்பையை விழுங்க முடியாமல் விரைவிலேயே மூடப்பட்டது. மண்ணும் மணலும் கட்டட இடிபாடும், செரிமானம் நடக்கும் மூடிய கலனான செரிகலனுக்குள் போனால் அடியில் படிந்து கொள்ளளவைத் தின்னும், பம்புகளைத் தேய்க்கும். மூடப்பட்டதற்கு ஒப்பந்தம், நிதி, நிர்வாகம் எனப் பிற காரணங்களும் சொல்லப்படுவதுண்டு. அவற்றை மறுக்கத் தேவையில்லை. ஆனால் வேண்டிய தரத்தில் குப்பை வரவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

அட்டவணையில் கடைசியில் நின்ற சென்னையில் நடந்தது வேறு. கோயம்பேடு மொத்தச் சந்தையின் காய்கறி, பழ, பூக் கழிவை மட்டும் நாளுக்கு 30 டன் செரிக்கும் ஆலை 2005இல் அங்கே அமைந்தது. செரிகலன், லக்னோவில் இருந்த அதே ஆஸ்திரியத் தொழில்நுட்பம்தான். கோயம்பேடு ஆலை தடையின்றி ஓடியது என்று யாரும் சொல்ல முடியாது. பழுதும் நிறுத்தமும் அதற்கும் நேர்ந்தன. ஆனாலும் மின்சாரம் எடுத்துக் காட்டியது. அதே இயந்திரம், ஏறக்குறைய அதே காலம். வேறுபட்டது தீவனம். சென்னையின் 41.34க்கு இந்த ஆலையோடு எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. ஏனென்றால் கோயம்பேட்டுக் கழிவு நகரத்தின் சராசரிக்குள் கரைவதற்கு முன்பே பிடிக்கப்பட்டுவிட்டது.

இந்தூரின் கதை பரவலாகத் தெரிந்தது. 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து ஏறத்தாழ 17,000 கிலோ அழுத்த உயிர்வாயு எடுக்கும் திறனோடு வடிவமைக்கப்பட்டது. இங்கே ஒரு சிறு வேடிக்கை உண்டு: நீரியின் அட்டவணைப்படி 2004-05இல் இந்தூரின் மொத்தக் குப்பையே நாளுக்கு 557 டன்தான், 48.97 விழுக்காட்டை நம்பியிருந்தால் 273 டன் திறனுக்கு மேல் யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். நகரம் வளர்ந்தது உண்மை. வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்கும் பழக்கம் ஊன்றிய பிறகுதான் ஈரக் குப்பை தனிப் பொருளாகக் கண்ணுக்குத் தெரிந்தது என்பதும் அதே அளவு உண்மை.

இதைப் படிப்பவருக்கு ஒரு மாற்று வழி தோன்றலாம். மட்கும் பங்கை விட்டுவிட்டு, மட்கவும் மறுசுழற்சிக்கும் ஆகாத மீதியைப் பார்த்தால் என்ன? மண்ணும் சாம்பலும் ஓட்டாஞ்சில்லும் அந்த மீதியில்தானே இருக்கின்றன? கொல்கத்தாவைத் தெரிந்தவருக்கு இந்த யோசனை இனிக்கும். ஒருமுறை தேநீர் குடித்துவிட்டு எறியும் மண்குவளைகள், தெருக்கூட்டும் மண், வடிகாலிலிருந்து அள்ளிய சேறு, நிலக்கரி அடுப்புச் சாம்பல் எல்லாம் சேரும் இடம் அது. ஆனால் கழித்துப் பார்த்தால் மீதி கொல்கத்தாவில் 37.96, இந்தூரில் 38.46, லக்னோவில் 37.06, சென்னையில் 42.32. தோற்ற நகரத்தில்தான் மீதி மிகக் குறைவு. ஆக, அந்தப் பத்தியாலும் வெற்றி தோல்வியை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அட்டவணையின் எந்தப் பத்தியாலும் முடியவில்லை என்பதே இக்கட்டுரை வற்புறுத்தும் முடிவு. மூன்று ஆலைகளை வைத்து விதி வகுக்க முடியாது என்பது சரி. சராசரியிலிருந்து விதி வகுத்தவர்கள் ஓர் ஆலையைக்கூடக் காட்டவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

நீரி ஆய்வின் மேல் இது குறை சொல்வதாகாது. உரமாக்கலாமா, எரிக்கலாமா, புதைக்கலாமா என்று முடிவெடுக்க உதவும் அட்டவணை அது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. கிலோவுக்கு 1,201 கிலோகலோரி என்ற கொல்கத்தாவின் வெப்ப மதிப்பு, அந்தக் குப்பை எரிப்பதற்கு ஏற்றதல்ல என்று ஐயமறக் காட்டியது. ஆனால் உரமாக்கலும் வாயு எடுப்பதும் ஒன்றல்ல: திறந்த காற்றில் மாதக்கணக்கில் மட்குவது வேறு, மூடிய கலனுக்குள் மூன்று நான்கு வாரத்தில் மீத்தேன் ஆவது வேறு. மரச்சத்தான லிக்னினைப் பூஞ்சைகள் காற்றுள்ள உரக் குவியலில் மெல்ல உடைக்கும். காற்றில்லாக் கலனில் அது பெரும்பாலும் போனபடியே வெளியே வரும்.

கொல்கத்தாவில் இந்த வேறுபாடு சிறிதன்று. கோடையில் தெருவுக்குத் தெரு குவியும் இளநீர்க் கூடுகள் எடையில் கனமானவை, ஈரமானவை, மட்கும் பிரிவில் சேர்பவை. வாயு தருவதில் ஏறக்குறைய பூஜ்யம். மேச்சுவா பழச்சந்தையில் பெட்டிகளுக்குள் பொதிந்து வரும் வைக்கோல் செரிகலனில் மிதந்து மேலே பாளமாகக் கட்டிக்கொள்ளும். ஹவுரா பாலத்தடியிலுள்ள மல்லிக் காட் பூச்சந்தையின் செண்டுமல்லி மாலைகள் நன்றாகச் செரிக்கும், ஆனால் அவற்றைக் கோத்த நூல் கலக்கித் தண்டில் சுற்றிக்கொள்ளும். பாடிபுகூர் மீன் சந்தைக் கழிவில் புரதம் மிகுதி; தனியாகப் போட்டால் அம்மோனியா பெருகி மீத்தேன் நுண்ணுயிர்களை முடக்கும், காய்கறிக் கழிவோடு அளவாகக் கலந்தால் சத்தான தீவனம். சியால்தாவின் கோலே மார்க்கெட்டில் குளிர்காலத்தில் குவியும் காலிஃபிளவர் இலையும் தண்டும் இவற்றில் மிக எளிய சரக்கு. இத்தனையையும் 50.56 என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு இரண்டு தசம இடத் துல்லியத்தோடு பெருக்குவது, துல்லியத்தின் தோற்றத்தை மட்டுமே தரும்.

வீட்டுக் குப்பைக்கும் ஊர் வாசனை உண்டு. சுரைக்காய்த் தோல், உருளைக்கிழங்குத் தோல், மீன் தலை எல்லாம் வங்கச் சமையலறையில் கறியாகிவிடும். வேறு நகரத்தில் ஒரு வீட்டுக்கு இத்தனை கிராம் என்று அளந்த ஈரக் கழிவை இங்கே அப்படியே பொருத்துவது அவசரம்.

எண் மிகையாகக் காட்டுவது ஒரு பக்கம். அது முற்றிலும் தவறவிடும் வளமும் உண்டு. கொல்கத்தாவின் இனிப்புக் கடைகள் ரசகுல்லாவுக்கும் சந்தேஷுக்கும் பாலைத் திரித்துச் சானா எடுக்கின்றன. பாலின் எடையில் பெரும்பகுதி தெளிநீராக வடிந்துவிடுகிறது. கொஞ்சம் அடுத்த நாள் பால் திரிக்கப் பயன்படும். மிச்சத்தில் பெரும்பகுதி சாக்கடைக்கு. பால்சர்க்கரை நிறைந்த அந்த நீர் செரிகலனுக்கு அருமையான தீவனம். அது திடக் கழிவு அல்ல என்பதால் எந்தக் குப்பை அட்டவணையிலும் ஒரு கிராம்கூடப் பதிவாகவில்லை.

இனி மறுப்புகள். ஆய்வு பழையது, நிலக்கரி அடுப்பு போய் எல்பிஜி வந்ததால் சாம்பல் குறைந்து மட்கும் பங்கு கூடியிருக்கும் என்பார்கள். கூடட்டும், 50.56 அறுபதானாலும் அது சராசரிதான். இயந்திரத்தால் பின்னர் பிரித்துக்கொள்ளலாம் என்போருக்கு நகரத்தின் குப்பைக் கிடங்கான தாபாவிலேயே விடை இருக்கிறது: 2000ஆம் ஆண்டு நாளுக்கு 700 டன் திறனோடு அங்கே அமைந்த உர ஆலை கலப்புக் குப்பையோடு மல்லுக்கட்டியே காலம் கழித்தது. குப்பையை அழுத்திச் சுருக்கும் நிலையங்கள் நகரத்தில் வந்த பிறகு இந்த வாதம் மேலும் பலவீனமாகிவிட்டது. கலந்த குப்பையை அழுத்தும்போது முதலில் வெளியேறுவது சாறு. வேகமாக வாயு தரக்கூடிய கரைந்த சர்க்கரையும் அமிலங்களும் அந்தச் சாற்றில்தான் இருக்கின்றன.

கிழக்குக் கொல்கத்தாச் சதுப்பு நிலத்தை முன்வைத்து எழும் மறுப்பு இவற்றைவிட ஆழமானது. நகரத்தின் கழிவுநீரில் மீன் வளர்த்து, தாபாவின் குப்பை மண்ணில் காய்கறி விளைவித்த ஏற்பாட்டைத் துருபஜ்யோதி கோஷ் உலகுக்கு எடுத்துக் காட்டினார். 12,500 ஹெக்டேர் கொண்ட அந்நிலம் 2002இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நூற்றாண்டுக்கு மேலாக மண்ணுக்குப் போன சத்தை ஏன் ஆலைக்குத் திருப்ப வேண்டும்? ஆனால் செரிகலன் எடுத்துக்கொள்வது கார்பனில் ஒரு பகுதியை. நைட்ரஜனும் பாஸ்பரசும் எச்சக் குழம்பில் தங்கிவிடுகின்றன. கலப்புக் குப்பையின் கண்ணாடிச் சில்லும் கன உலோகங்களும் இல்லாத சந்தைக் கழிவின் குழம்பு தாபா வயலுக்குப் போனால், அங்கே பயிர் செய்பவருக்கு இழப்பில்லை.

2017 மார்ச் இறுதியில் உல்டாடாங்காவிலிருந்து கரியா வரை ஒரு ரூபாய்க் கட்டணத்தில் உயிர்வாயுப் பேருந்து ஒன்று ஓடத் தொடங்கியபோது, கழிவில் ஓடும் பேருந்து என்று நாடெங்கும் செய்தி வந்தது. அதன் வாயு கொல்கத்தாக் குப்பையில் பிறந்ததல்ல. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி, பீர்பூம் மாவட்டத்துத் துப்ராஜ்பூரில் மாட்டுச் சாணத்திலிருந்து எடுத்து டேங்கரில் கொண்டுவந்தார்கள். நாளுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் மட்கும் பொருள் உள்ளதாக ஏடு சொன்ன நகரத்தில், ஒரே சீரான தீவனம் வேண்டியிருந்த பேருந்து முதலீட்டாளர் மாட்டுத் தொழுவத்தைத் தேடிப் போனார். முதலீட்டாளரின் இந்தத் தேர்வு எந்தக் கலவை அட்டவணையையும்விட நேர்மையான சாட்சி.

இந்தூரின் வடிவமைப்பு விகிதம் டன்னுக்கு 31 கிலோ. அதை 1,341 டன்னோடு பெருக்கினால் நாளுக்கு 41 டன்னுக்கு மேல் வாயு என்று வரும். அந்த விடையை இக்கட்டுரை ஏற்கவில்லை. தாபாவில் மாநகராட்சி அமைத்த 5 டன் திறன் ஆலைக்கு அதே விகிதம் 155 கிலோ காட்டும். சிறிய எண்தான், ஆனால் சரிபார்க்கக்கூடிய எண். 2022 இறுதியிலிருந்து நீல, பச்சை வாளிகள் 144 வார்டுகளுக்கும் போகத் தொடங்கியிருப்பதால், வீட்டு ஈரக் குப்பையையும் ஒருநாள் இப்படிக் கணக்கிட முடியலாம். அதுவரை அளவெடுப்பு சந்தையிலிருந்து தொடங்க வேண்டும்: கோலே மார்க்கெட், மேச்சுவா, பாடிபுகூர், மல்லிக் காட், பெரிய உணவகங்கள், இனிப்புக் கடை வரிசைகள். ஒவ்வொன்றிலும், லாரி ஏறுவதற்கு முன், மாதந்தோறும் ஆவியாகும் திண்மம் (கழிவின் கரிமப் பகுதி), லிக்னின், மணல் ஆகிய மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். துர்கா பூஜை மாதத்துக்குத் தனி வரிசை தேவைப்படும். பந்தல் பூவும் பழமும் வாழைத்தண்டும் அப்போது எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும்.