சுகாதார ஏற்றத்தாழ்வு: சராசரிக்குள் மறையும் நம்மவர் கணக்கு

மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு தெரிவித்தது. அதே ஆய்வில் இந்தியர்களுக்கான அளவு 31.4 விழுக்காடு. தேசிய சராசரியை மட்டும் பார்த்தால் ஐவரில் ஒருவருக்கு நோய். நம் சமூகத்தைத் தனியே பார்த்தால் பத்துப் பேரில் மூவருக்கு நோய்.

இப்படி மக்களைப் பிரிவு பிரிவாகப் பார்த்து, யாருக்கு நோய் அதிகம், யாருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று தொடர்ந்து கணக்கிடுவதே சுகாதார ஏற்றத்தாழ்வுக் கண்காணிப்பு. இனம், வருமானம், கல்வி, பாலினம், வயது, வாழுமிடம் ஆகியவை அதற்கான பிரிவுகள். எதை அளப்பது என்று முடிவு செய்தல், தரவு திரட்டல், பகுத்தாய்தல், அறிக்கையிடல், முடிவைச் செயலாக்குதல் என இதனை ஐந்து படிகளாக உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

ஆய்வு வளர்ந்த விதம்

சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் பொதுச் சுகாதாரக் கழகம் இந்த ஆய்வை நடத்துகிறது. முதல் ஆய்வு 1986இல் தீபகற்ப மலேசியாவில் நடந்தது. 1996இல் சபா, சரவாக் மாநிலங்களும் சேர்ந்தன. மூன்றாவது ஆய்வு 2006இல் நடந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற இடைவெளி 2011 முதல் குறைந்தது. இப்போது தாய்-சேய் நலம், பதின்ம வயதினர், முதியோர், தொற்றா நோய்கள் என்று வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு தலைப்புகள் ஆராயப்படுகின்றன.

கிளினிக் பதிவேடு இருக்கும்போது வீடு வீடாகப் போவது ஏன் என்று கேட்கலாம். 2019இல் கண்டறியப்பட்ட 18.3 விழுக்காட்டில் 9.4 விழுக்காட்டினர் மட்டுமே தங்களுக்கு நோய் இருப்பதை முன்னரே அறிந்தவர்கள். மற்ற 8.9 விழுக்காட்டினருக்கு, ஆய்வுக் குழு விரலில் ஊசி குத்திச் சோதித்தபோதுதான் சர்க்கரை அளவு உயர்ந்திருப்பது தெரிந்தது. கிளினிக் பக்கமே போகாதவரின் பெயர் கிளினிக் பதிவேட்டில் இருக்காது.

கணக்கில் விழாதவர்கள்

2023ஆம் ஆண்டு ஆய்வில் நீரிழிவின் தேசிய அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. சராசரி இறங்கினால் எல்லாப் பிரிவினருக்கும் அதே அளவு இறங்கியது என்று பொருளல்ல. ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே பார்த்தால்தான் இடைவெளி குறைந்ததா, கூடியதா என்று தெரியும்.

'இந்தியர்' என்ற பிரிவும் ஒரு சராசரிதான். தனியார் மருத்துவமனைக்குப் போகும் வசதியுள்ளவரும், மலிவு விலை அடுக்குமாடியில் வாழும் தினக்கூலியும் அந்த ஒரே எண்ணுக்குள் வருகிறார்கள். ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது வெளியேறிய குடும்பங்கள் இன்று 'நகர்ப்புறம்' என்ற பிரிவில் இருக்கின்றன. தோட்டத்தில் டிரெசருக்கு ஒவ்வொரு குடும்பத்தையும் தெரியும். நகரத்தில் அப்படிப் பார்க்க ஆளில்லை. வசதியுள்ள நகரவாசிகளின் எண்ணோடு இவர்களின் எண்ணும் கலந்துவிடுகிறது.

இனத்தையும் வருமானத்தையும் சேர்த்து, 'குறைந்த வருமானம் பெறும் நகர்ப்புற இந்தியர்' என்று பிரித்துப் பார்த்தால் இந்த நிலை வெளிப்படும். ஆனால், நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர் மட்டுமே. நாடு முழுவதுக்குமான மாதிரியில் நம் வீடுகள் குறைவாகவே விழுகின்றன. அவற்றை மேலும் கூறுபோட்டால் எண்ணிக்கை சிறுத்து, கிடைக்கும் விழுக்காட்டை நம்ப முடியாமல் போகும். சிறு பிரிவினரிடம் கூடுதல் வீடுகளைத் தேர்ந்தெடுப்பது இதற்கு ஒரு வழி. ஒரே கேள்விகளை ஆண்டுதோறும் மாறாமல் கேட்டு, பல ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்ப்பது இன்னொரு வழி.

வீட்டுக்கு ஆய்வுக் குழு வந்தால்

ஆய்வுக்கான வீடுகள் குலுக்கல் முறைபோலத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரு வீடு கதவைத் திறக்காவிட்டால், பக்கத்து வீட்டைக் கேட்டு அதைச் சரிக்கட்ட முடியாது. வேலைநேரம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் தொழிலாளர் வீடுகள் விடுபட விடுபட, அவர்களின் நோயும் கணக்கிலிருந்து விடுபடும்.

வருபவர்களிடம் அதிகாரபூர்வ அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். பங்கேற்பது அவரவர் விருப்பம். தனிநபர் விவரங்கள் அறிக்கையில் வெளியிடப்படுவதில்லை. கேள்விகளுடன் உயரம், எடை, இரத்த அழுத்தம், விரல்நுனி இரத்தம் ஆகியவையும் சோதிக்கப்படும். அளவு கூடுதலாக இருந்தால் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் மறுபரிசோதனை செய்துகொள்வது அவசியம்.