ஒரு வாளி நிலக்கரியும் ஒரு கர்தினாலும்

வெளியே ஸ்னோ கொட்டுகிறது. சுவரில் இருக்கிற ஹீற்றரைத் திருகினால் பத்து நிமிடத்தில் அறை சூடாகிவிடும். என் பிள்ளைகளுக்குச் சூடு என்றால் அவ்வளவுதான். எனக்கு அது இன்னும் ஒரு வாளி நிலக்கரி.

1984 கடைசியில், ஜேர்மனியின் றூர் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் மூன்று பேருக்கு ஓர் அறை கிடைத்தது. மூலையில் ஓர் இரும்பு அடுப்பு. "மச்சான், இதிலை புட்டும் அவிக்கலாம் போலை கிடக்கு" என்றான் கூட இருந்தவன். விறகு எரித்து வளர்ந்த எங்களுக்கு அடுப்பைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் நினைத்தோம்.

றூர் மண்ணின் கரி பெரும்பாலும் பிற்றுமினஸ் வகை. சூடேறியதும் அதிலிருந்து முதலில் எரிவாயு கிளம்பும். அந்த வாயு எரிய மேலேயிருந்து காற்று வேண்டும், பக்கத்தில் நெருப்பும் வேண்டும். அதனால் தணலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, மற்றப் பக்கத்தில்தான் புதுக்கரி போடவேண்டும். மஞ்சள் சுவாலை அடங்கிய பிறகு கீழ்க்கதவின் காற்றைக் குறைக்கவேண்டும். ஆனால் தணல் இருக்கும்போது புகைபோக்கியின் தகட்டை மூடினால் கார்பன் மொனொக்சைட் அறைக்குள் நிறையும். மணமில்லாத நஞ்சு, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கீழ்க்கதவைத் திறந்தபடி வாளியோடு கொட்டினோம். அடுப்பு சிவந்தது, சூடெல்லாம் புகைபோக்கியால் போனது, இரண்டு மணித்தியாலத்தில் சாம்பல்! ஒரு மாதத்துக்கான கரி தை மாத நடுவிலேயே தீர்ந்துவிட்டது. அந்த நாட்களில் குளிரோடு புகையும் ஊரை மூடியிருந்தது. 1985 ஜனவரி 18ஆம் திகதி மேற்கு றூர் பகுதியில் மூன்றாம் கட்டப் புகை எச்சரிக்கை வந்தது. கார் ஓடத் தடை.

கட்டடத்தின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பலகை அடித்த சிறு அறை இருந்தது. இரண்டாம் மாடிக் கிழவியின் அறையில் கரி மலைபோலக் கிடந்தது. புருசன் சுரங்கத் தொழிலாளி. செத்த பிறகும் அவர் பேரில் இலவசக் கரி வந்துகொண்டிருந்தது. இரண்டு இரவு, இரண்டு வாளி எடுத்தேன். மூன்றாம் இரவு கிழவி படியில் நின்றா. கத்தவில்லை. "ஃபிறிங்ஸன்" என்று சொல்லிச் சிரித்தா. பிறகு எங்கள் அறைக்கு ஏறிவந்து, முழந்தாளில் இருந்து அடுப்பு மூட்டக் காட்டித்தந்தா.

அந்தச் சொல்லின் கதை எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. 1946–47 குளிர்காலம். போரில் நகரங்கள் இடிந்து கிடந்தன. றூர் கரி பிரித்தானியரின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதில் ஏற்றுமதிக்கும் ஆலைகளுக்கும் போனது போக, வீடுகளுக்குக் கிடைத்தது கொஞ்சம். சனம் கரி ரயில்களில் ஏறியது. பிள்ளைகள் மேலேயிருந்து எறிய, பெண்கள் கீழே பொறுக்கினார்கள். 1946 டிசம்பர் 31 அன்று கொலோன் நகரத் தேவாலயம் ஒன்றில் கர்தினால் யோசப் ஃபிறிங்ஸ் பிரசங்கம் செய்தார். உழைத்தோ கேட்டோ பெற வழியில்லாதபோது, உயிரையும் உடலையும் காக்கத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். அன்றிலிருந்து கரி திருடுவதற்கு அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது.

சனம் மறந்தது மிச்சப் பாதியை. பலர் எல்லை மீறிவிட்டார்கள், அநியாயமாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பில்லை என்றும் அவர் சொன்னார்.

கிழவி அந்த நாளில் ரயிலில் ஏறிய பெட்டைகளில் ஒருத்தி. அதனால்தான் என்னை மன்னித்தா. ஆனால் கர்தினாலின் கணக்கில் நான் தேறமாட்டேன். எனக்குக் கேட்க வழி இருந்தது. ஒரு மாடி இறங்கிக் கதவைத் தட்டினால் போதும். ஒரு நாட்டிடமே தஞ்சம் கேட்ட எனக்கு, ஒரு வாளி கரி கேட்க வெட்கமாய் இருந்தது! பங்குனி முடியும்வரை ஒவ்வொரு காலையும் அவவின் கரியைச் சுமந்து மேலே கொடுத்தேன். நான் திருப்பிக் கொடுத்தது அவ்வளவுதான்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ரயில் நின்றுபோய், பொருளாதாரத் தடையும் வந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. அதை இங்கே ஒருவர் களவு என்று சொன்னபோது, எனக்கு உடனே ஃபிறிங்ஸ் ஞாபகம் வந்தார்.

ஜேர்மனியின் கடைசி கருங்கரிச் சுரங்கம் பொட்றோப் நகரில் 2018 டிசம்பர் 21இல் மூடப்பட்டது. கடைசிக் கட்டியை ஜனாதிபதியின் கையில் கொடுத்ததை ரீவியில் பார்த்தேன். கிழவி அப்போது உயிரோடு இல்லை.

இப்போது வேறு நாட்டு அகதிகள் வருகிறார்கள். "கள்ளக் கூட்டம்" என்று எங்கடை ஆக்களே கதைக்கிறதைக் கேட்கிறேன். அப்படிக் கதைக்கிற ஒவ்வொருவரையும் ஒருதரம் கேட்கவேண்டும் போலிருக்கும்: முதல் குளிருக்கு உங்களுக்கு அடுப்பு மூட்டக் காட்டித்தந்தது ஆர்?