சுபேதாரா, அதிகாரியா? இந்தியத் தரைப்படையில் இரு பதவிப் பாதைகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தரைப்படையில் சிப்பாயாகச் சேரும் ஒருவர் மேனிலை அடைய இரு பாதைகள் உள்ளன. படையணிக்குள்ளேயே படிப்படியாக உயர்ந்து நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகிய இளநிலை ஆணை பெற்ற அதிகாரி நிலைகளை அடைவது ஒன்று. தேர்வெழுதி, பயிற்சி பெற்று, லெப்டினன்ட் முதலாகத் தொடங்கும் முழு ஆணை பெற்ற அதிகாரி வரிசையில் நுழைவது மற்றொன்று. காலனிய ஆட்சி இன அடிப்படையில் வகுத்த எல்லைக்கோடே இப்பிரிவின் தோற்றுவாய் என்பதையும், விடுதலைக்குப் பின் இன வேறுபாடு நீங்கியும் இரு பாதைகளும் தனித்தனியே நீடிப்பதன் காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுபேதார், வைசிராய் ஆணை, அரசர் ஆணை, இந்தியமயமாக்கல், சென்னை மாகாணப் படை, வாரண்ட் அதிகாரி

முன்னுரை

பிரித்தானிய, அமெரிக்கப் படைகளில் வாரண்ட் அதிகாரி, ஆணை பெற்ற அதிகாரி என்னும் இரு நிலைகள் உண்டு. இந்தியச் சுபேதாரை இவற்றுள் வாரண்ட் அதிகாரிக்கு நிகராக வைப்பது பொது வழக்கு. செயல் அளவில் இவ்வொப்பீடு பொருந்துமாயினும் சட்ட அளவில் முழுமையாகப் பொருந்தாது. சுபேதார் பதவியாணை பெற்றவர். அவரது நியமனம் அரசிதழில் வெளியாகிறது. எனினும் 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டம் ‘அதிகாரி’ என்னும் சொல்லை வரையறுக்கும்போது, இளநிலை ஆணை பெற்ற அதிகாரி அச்சொல்லில் அடங்கமாட்டார் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. பெயரில் அதிகாரியாகவும் வரையறையில் அதிகாரியல்லாதவராகவும் ஒருவர் நிற்கும் இந்த இடைநிலை எவ்வாறு உருவானது என்பதே இங்கு ஆய்வுக்குரிய வினாவாகும்.

சென்னைப் படையில் தொடக்கம்

கிழக்கிந்தியக் கும்பினி 1758இல் சென்னையில் தன் சிப்பாய்களைப் பட்டாலியன்களாக ஒழுங்கமைத்தது. அக்காலத்தில் சுபேதார் தம் கம்பெனியின் உண்மையான தலைவராக இருந்தார். ஐரோப்பிய அதிகாரிகள் மிகச் சிலரே. கும்பினிச் சிப்பாய்களின் கமாண்டன்டாக உயர்ந்து, பிரெஞ்சுக்காரர்களின் சென்னை முற்றுகையின்போது (1758–59) பெரும்பங்காற்றிய யூசுப்கான், அன்று இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய உயரத்தைக் காட்டுகிறார். பின்னர் மதுரையில் கும்பினியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்த அவர் 1764இல் தூக்கிலிடப்பட்டார்.

அதன்பின் அந்த உயரம் தொடர்ந்து குறைந்தது. 1796ஆம் ஆண்டின் மறுசீரமைப்பு ஒவ்வொரு பட்டாலியனிலும் ஐரோப்பிய அதிகாரிகளின் எண்ணிக்கையைப் பெரிதும் உயர்த்தியது. சுபேதாரின் பதவிப் பெயர் மாறவில்லை. அவர் கையிலிருந்த அதிகாரம் மாறியது. 1806 ஜூலை 10 அன்று வெடித்த வேலூர்க் கிளர்ச்சிக்குப் புதிய தலைப்பாகை, சமயக்குறிகளுக்கான தடை ஆகியவை உடனடிக் காரணங்களாயின. அக்கிளர்ச்சியில் சிப்பாய்களுடன் இந்திய அதிகாரிகளும் முன்னின்றனர் என்பதை அவர்களது அதிகார இழப்போடு இணைத்து நோக்குதல் தகும்.

1837இல் இந்திய அதிகாரிகளுக்கென ‘பிரித்தானிய இந்திய விருது’ நிறுவப்பட்டது. அதன் முதல் வகுப்பினர் சர்தார் பகதூர் என்றும் இரண்டாம் வகுப்பினர் பகதூர் என்றும் அழைக்கப்பட்டனர். அதிகாரத்தின் இடத்தை மரியாதை நிரப்பிய காலம் இது.

இரு ஆணைகள், ஓர் எல்லைக்கோடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேற்றுமை ஆணையின் பெயரிலேயே வெளிப்பட்டது. பிரித்தானிய அதிகாரி அரசரின் ஆணையைப் பெற்றார். சுபேதாரும் ஜமேதாரும் வைசிராயின் ஆணையைப் பெற்றனர். வைசிராய் ஆணை பெற்றவருக்கு இந்தியப் படைவீரர்கள் மீது மட்டுமே அதிகாரம் இருந்தது. முப்பது ஆண்டுகள் பணியாற்றிய சுபேதார் மேஜர்கூட, அன்று வந்து சேர்ந்த இளம் பிரித்தானிய லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவரே.

இந்நிலையைத் தாழ்வாக மட்டுமே கணிப்பது முழு உண்மையாகாது. பட்டாலியனில் பிரித்தானிய அதிகாரிகள் சுமார் பன்னிரண்டு பேரே இருந்தனர். பிளாட்டூன்களை நடத்தியவர்கள் வைசிராய் ஆணை பெற்றவர்களே. வீரர்களின் மொழி, சமயம், ஊர், குடும்பச் சிக்கல் ஆகியவற்றை அறிந்து அதிகாரிக்கு எடுத்துரைத்தவர்களும் அவர்களே. ஊரில் சுபேதாரின் மதிப்பு மிகப் பெரிது. எழுத்தறிவு குறைந்த உழவர் குடும்பத்திலிருந்து வந்த இளைஞருக்கு அதுவே எட்டக்கூடிய உச்சநிலை. வேறு பாதை இல்லாததால் தெரிவு என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இந்தியமயமாக்கலும் படைவீரரின் இழப்பும்

முதல் உலகப் போரின் நெருக்கடியால் 1917இல் இந்தியர்களுக்கும் அரசர் ஆணை வழங்க முடிவாயிற்று. அடுத்த ஆண்டு முதல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்தூரில் பயிற்சி பெற்று 1919இல் ஆணை பெற்ற கே. எம். கரியப்பா, 1949 ஜனவரி 15 அன்று இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார்.

இப்புதிய வாயில் யாருக்குத் திறந்தது என்பது கவனிக்கத்தக்கது. கல்வியும் செல்வாக்கும் உடைய குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் அதன்வழி நுழைந்தனர். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த குமாரமங்கலம் ஜமீன்தார் பி. சுப்பராயனின் மகன் பி. பி. குமாரமங்கலம், இங்கிலாந்தில் கற்று, வூல்விச் கல்லூரியில் பயின்று, 1933இல் பீரங்கிப் படையில் ஆணை பெற்றார். 1966 முதல் 1969 வரை தலைமைத் தளபதியாக விளங்கிய அவரே, அரசர் ஆணை பெற்றவர்களில் அப்பதவியை வகித்த கடைசி இந்தியர்.

1923ஆம் ஆண்டின் எட்டுப் பிரிவுத் திட்டம் இதன் மறுபக்கத்தை வெளிப்படுத்தியது. இந்திய அதிகாரிகள் குறிப்பிட்ட எட்டுப் படைப்பிரிவுகளுக்கு மட்டுமே அனுப்பப்பட்டனர்; சென்னைப் பயனீர் படையின் ஒரு பட்டாலியனும் அவற்றுள் ஒன்று. பிரித்தானிய இளநிலை அதிகாரிகள் இந்தியரின் ஆணைக்கு உட்படும் நிலையைத் தவிர்ப்பதே இதன் உட்கிடை. இப்பிரிவுகளில் பிளாட்டூன் தலைமை புதிய இந்திய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, வைசிராய் ஆணை நிலை படிப்படியாக நீக்கப்பட்டது. இதன் விளைவு இருமடங்கானது. கற்ற இந்தியர், பிரித்தானிய அதிகாரிக்கு நிகரான பெயரைப் பெற்றும் சுபேதாரின் வேலையையே செய்ய நேர்ந்தது. கல்லாத சிப்பாயோ தம் வாழ்நாள் இலக்காகக் கொண்டிருந்த பதவியையே இழந்தார். தேசிய இயக்கம் வெற்றியாகக் கருதிய இந்தியமயமாக்கல், அப்பிரிவுகளின் படைவீரர் நோக்கில் ஓர் இழப்பாகவும் அமைந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய பின் அந்நிலை அப்பிரிவுகளில் மீட்கப்பட்டமை, அதன் செயல்தேவையை உறுதிப்படுத்துகிறது.

படையணியிலிருந்து திறந்த வாயில்

தெரிவு என்று சொல்லத்தக்க நிலை 1930களை ஒட்டியே தோன்றியது. படைவீரர்களை அதிகாரிப் பயிற்சிக்கு ஆயத்தப்படுத்தும் கிச்சனர் கல்லூரி 1929இல் நௌகாங்கில் தொடங்கப்பட்டது. 1932இல் டேராடூனில் இந்தியப் படைக்கழகம் திறக்கப்பட்டபோது, ஒவ்வொரு தொகுதிக்குமான 40 இடங்களில் 15 படையணிகளிலிருந்து வருவோருக்கு ஒதுக்கப்பட்டன. முதல் தொகுதியில் பயின்ற முகம்மது மூசா சிப்பாயாகச் சேர்ந்தவர். அவர் 1958இல் பாகிஸ்தான் படையின் தலைமைத் தளபதியானார்.

விடுதலைக்குப் பின் வைசிராய் ஆணை பெற்றவர், இளநிலை ஆணை பெற்ற அதிகாரி எனப் பெயர் மாற்றம் பெற்றார். 1965இல் ஜமேதார் என்பது நாயிப் சுபேதார் ஆயிற்று. கிச்சனர் கல்லூரியின் வழிவந்த படைப் பயிற்சிக் கல்லூரி, நௌகாங்கிலிருந்து புனேக்கும், 1977இல் டேராடூனுக்கும் மாறியது. அண்டை நாடுகளின் நிலை ஒப்புநோக்கத்தக்கது. பாகிஸ்தான் சுபேதார் நிலையை அப்படியே வைத்துக்கொண்டது. வங்கதேசமோ அதே நிலைக்கு வாரண்ட் அதிகாரி என்னும் பெயரைச் சூட்டியது. வைசிராயின் ஆட்சி எல்லைக்கு உட்பட்டிராத இலங்கையின் தரைப்படையில் பிரித்தானிய முறையிலான வாரண்ட் அதிகாரி நிலையே காணப்படுகிறது. இந்திய விமானப்படையிலும் வாரண்ட் அதிகாரி என்னும் பெயரே வழங்குகிறது.

இன்றைய தெரிவின் இயல்பு

இன்று இரு பாதைகளையும் பிரிப்பது காலக்கணக்கு. படைப் பயிற்சிக் கல்லூரிக்கான வாயில் இருபதுகளிலேயே மூடிவிடுகிறது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் அதன்பின் இந்தியப் படைக்கழகத்தில் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தே அவ்வீரர் லெப்டினன்ட் ஆகிறார். மூத்த படைவீரர்களுக்கெனத் தனி ஆணை முறைகள் உண்டு. ஆயினும் பிந்தி நுழைபவருக்கு மேலே செல்லும் காலம் குறைவு. சுபேதார் பதவியோ நீண்ட பணிக்காலத்தின் பின் கிடைப்பது. ஆகவே, தாம் சுபேதார் ஆவோமா என்பதை அறிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதிகாரிப் பாதையை நாடுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியுள்ளது.

இரு பாதைகளும் தரும் அதிகாரமும் வெவ்வேறு வகையானது. அதிகாரி பல பொறுப்புகளுக்கும் தலைமையகங்களுக்கும் மாறிச் செல்பவர். சுபேதாரின் அதிகாரம் தம் படைப்பிரிவின் நினைவிலும் பழக்கத்திலும் வேரூன்றியது. 1962இல் சீனப் போரில் வீழ்ந்த சுபேதார் ஜோகிந்தர் சிங்கும், 1987இல் சியாச்சினில் போரிட்ட நாயிப் சுபேதார் பானா சிங்கும் பரம் வீர் சக்கரம் பெற்றமை, போர்க்களத் தலைமையில் இந்நிலை எவ்வகையிலும் குறைந்ததன்று என்பதற்குச் சான்று. பானா சிங்குக்குப் பின்னர் கௌரவ கேப்டன் நிலை வழங்கப்பட்டது. பணியின் இறுதியில் தேர்ந்தெடுத்த சிலருக்கு அளிக்கப்படும் இக்கௌரவ ஆணை, இரு பாதைகளையும் மரியாதையளவில் ஒரு புள்ளியில் இணைக்கிறது. அதிகாரப் பயன்பாட்டுக்கான காலத்தை அது தருவதில்லை. அவ்வகையில் இது 1837ஆம் ஆண்டின் விருது மரபை நினைவூட்டுகிறது.

முடிவுரை

ஆளும் இனத்தைக் காக்க இடப்பட்ட கோடு, அந்த இனம் வெளியேறிய பின்னும் அழியவில்லை. கோட்டின் இப்பக்கத்தில் உருவான சுபேதார் நிலை, படையின் அன்றாட இயக்கத்துக்கு இன்றியமையாததாகிவிட்டதே அதற்குக் காரணம். இன வேறுபாடு நின்ற இடத்தில் கல்வி வாய்ப்பும் வயதும் இன்று நிற்கின்றன. பள்ளிக் கல்வியில் முன்னேறிய சிப்பாய்க்குத் தெரிவு உண்டு. வறுமையால் படிப்பை நிறுத்திச் சேர்ந்தவருக்கு அது பெயரளவில் மட்டுமே உண்டு.

2022இல் அறிமுகமான அக்னிபத் திட்டம் இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. நான்காண்டுகளுக்குப் பின் 25 விழுக்காட்டினர் வரையே நிலைப்படுத்தப்படும் அமைப்பில், நீண்ட பணியை அடித்தளமாகக் கொண்ட சுபேதார் பாதை, முதல் வடிகட்டலைக் கடந்தவர்க்கே உரியதாகிறது. சுபேதார் நிலை இனி எவ்வாறு உருப்பெறும் என்பதைத் தனித்து ஆராய்தல், இந்தியப் படையின் சமூக வரலாற்றுக்கு இன்றியமையாததாகும்.