பனிக்குட நீர் குறைவு: கடைசி மாதத்தில் எப்போது கவலைப்பட வேண்டும்?

பெட்டாலிங் ஜெயா: ஒன்பதாம் மாத ஸ்கேனில் “தண்ணி கொஞ்சம் கொறைவா இருக்கே” என்று டாக்டர் சொன்னால் வீடே பதறும். அது என்ன தண்ணீர்? குறைந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்?

எங்கிருந்து வருகிறது?
கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். குழந்தை அதை விழுங்கி, மறுபடியும் வெளியேற்றும். 34 முதல் 36 வாரத்தில் சுமார் 800 மில்லிலிட்டர் இருக்கும். பிறகு மெல்லக் குறையும்.

எவ்வளவு குறைந்தால் ‘குறைவு’?
வயிற்றை நான்காகப் பிரித்து, நீரின் ஆழத்தை அளந்து கூட்டுவது ஒரு முறை; 5 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் கீழ் என்றால் குறைவு. மிக ஆழமான ஓர் இடத்தை மட்டும் அளப்பது இன்னொரு முறை. அதில் 2 சென்டிமீட்டர் எல்லை. முதல் முறையில் அதிகம் பேருக்குக் ‘குறைவு’ என வருகிறது, வலி வரவழைப்பதும் கூடுகிறது; ஆனால் அதனால் குழந்தைகளின் நலம் மேம்படவில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த முறையில் அளந்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஏன் குறைகிறது?
பனிக்குடம் கசியலாம், பிரசவத் தேதி தாண்டியிருக்கலாம், தாய்க்கு ரத்த அழுத்தம் இருக்கலாம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாவிட்டால், குழந்தையின் உடல் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடும்; சிறுநீரகத்துக்குப் போவது குறையும். இபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகளும் காரணமாகலாம். 20 வாரத்துக்குப் பிறகு டாக்டரைக் கேட்காமல் அவற்றைச் சாப்பிடக்கூடாது.

குழந்தைக்கு என்ன ஆபத்து?
தொப்புள்கொடி அழுந்தி இதயத்துடிப்பு இறங்கலாம். மலம் கலந்த நீரை உள்ளிழுத்தால் மூச்சுத்திணறல் வரலாம். அதனால் பிறந்ததும் மூச்சைக் கவனிப்பார்கள். எடை குறைவென்றால் ரத்தச் சர்க்கரையையும் பார்ப்பார்கள். முதல் 24 மணி நேரத்தில் சிறுநீர் போகிறதா என்பதும் முக்கியம்.

“இளநீர் குடி, சரியாயிடும்” என்பது உண்மையா?
நிறையத் தண்ணீர் குடித்தால் சிலருக்கு அளவு கொஞ்சம் கூடும். ஆனால் கசிவையோ நஞ்சுக்கொடிக் கோளாறையோ அது சரிசெய்யாது.

எப்போது ஓட வேண்டும்?
அரசாங்க கிளினிக்கில் குழந்தையின் அசைவைக் குறிக்க அட்டவணை தருவார்கள். காலை 9 மணியிலிருந்து எண்ணுங்கள். இரவு 9 மணிக்குள் 10 அசைவு வரவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அசைவு திடீரென்று குறைந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ இரவு வரை காத்திருக்காதீர்கள். பெட்டாலிங் ஜெயாவுக்கு மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையமும், கிள்ளானுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் பக்கம். அவசரத்துக்கு 999. பரிசோதனைப் புத்தகத்தை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.