வடாளாவும் வடாலாவும்: ஓர் உப்பளக் கரையின் வரலாறு

மராத்தியில் அவ்வூரின் பெயர் ‘வடாளா’. ஆலமரத்தைக் குறிக்கும் ‘வட்’ என்னும் சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவது வழக்கம். தமிழின் ‘வடவிருட்ச’த்தில் உள்ள சொல்லும் அதுவே. மராத்தியில் ளகரம் உண்டு, தமிழிலும் உண்டு. ஆயினும் தமிழர் அவ்வூரை ‘வடாலா’ என்றே எழுதுகின்றனர். ல, ள வேறுபாடு காட்டாத ஆங்கில எழுத்தும், ‘ல’ என்றே எழுதும் இந்தியும் இடையில் நின்றதே இதற்குக் காரணம். அண்டை வீட்டாரான கோளி, ஆக்ரி மக்களின் வாய்மொழியைவிட ரயில்வே பலகையும் அலுவலகத் தாளுமே மும்பைத் தமிழருக்கு இப்பெயரைக் கற்பித்தன என்று கருத இவ்வோர் எழுத்து இடம் தருகிறது.

பக்கத்து ஊரான சயானுக்கு மராத்தியில் ‘ஷீவ்’ என்று பெயர். எல்லை என்பது அதன் பொருள். பம்பாய்த் தீவுக்கூட்டத்தின் வடகோடி அது. அதற்கப்பால் உவர்நீர்க் கழி. கழிக்கு அப்பால் சால்செட் தீவு. வடாலா, மாட்டுங்கா, தாராவி ஆகிய மூன்றும் இவ்வெல்லையை ஒட்டிக் கிடந்த ஊர்கள். கோளிகள் மீன் பிடித்தனர். ஆக்ரிகள் நெல் விளைவித்தனர், உப்பும் விளைவித்தனர். உப்பளத்தை மராத்தியில் ‘மிட்டாகர்’ என்பர். அதன் பிற்பகுதியான ‘ஆகர்’ என்பதிலிருந்தே ஆக்ரி என்னும் சாதிப்பெயர் வந்தது. சங்க இலக்கியத்து உமணரை அறிந்த தமிழ் மாணவருக்கு இது அயலான செய்தி அன்று.

1661ஆம் ஆண்டின் திருமண ஒப்பந்தப்படி போர்ச்சுகல் பம்பாயை இரண்டாம் சார்லசுக்குச் சீதனமாக அளித்தது. ஆனால் அளித்தது எது என்பதில் வழக்கு எழுந்தது. மாஹிமும் அதனைச் சார்ந்த வடபகுதி ஊர்களும் ‘பம்பாய்’ என்ற சொல்லில் அடங்கா என்று போர்ச்சுகீசியர் வாதிட்டனர். 1665இல் தீவை ஏற்றுக்கொண்ட ஹம்ப்ரி குக், மாஹிம், சயான், தாராவி, வடாலா ஆகியவற்றையும் சேர்த்தே ஆங்கிலேயர் வசமாக்கினார். வடாலா பம்பாயின் பகுதியானது இவ்வாறு ஒரு சொல்லின் பொருள் வரையறை பற்றிய சச்சரவின் வழியாகத்தான்.

எல்லை ஊர் என்பதால் கோட்டைகள் எழுந்தன: சயானிலும் சிவ்ரியிலும் 17ஆம் நூற்றாண்டில்; தாராவியின் காலா கில்லா 1737இல். மராத்தியர் சால்செட்டைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றிய ஆண்டும் 1737 என்பதைக் கவனித்தால் அக்கோட்டையின் அவசரம் விளங்கும். 1689இல் சித்தி யாக்கூத் கானின் படை சிவ்ரியில்தான் கரையிறங்கியது. ஆளுநர் ஜொனாதன் டங்கன் காலத்தில் சயான் பாலப்பாதை அமைந்து சால்செட் இணைந்தபின் கோட்டைகள் பொருளிழந்தன.

எல்லை என்ற நிலை மட்டும் மாறவில்லை. பகைவரைத் தடுத்து நிறுத்திய இடம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரம் தன்னருகே வைத்துக்கொள்ள விரும்பாதவற்றை ஒதுக்கும் இடமாயிற்று. முதல் தோல் பதனிடும் ஆலை தாராவிக்கு வந்தது 1887 என்பர். 1890இல் மாநகராட்சி ஆணையர் ஆக்வொர்த் முயற்சியால், வீடற்ற தொழுநோயாளருக்கான காப்பகம் மாட்டுங்காவை ஒட்டி நிறுவப்பட்டது. வடாலாவில் இன்றுள்ள ஆக்வொர்த் மருத்துவமனை அதுவே. அத்தோல் ஆலைகளை நம்பித் திருநெல்வேலிப் பகுதியின் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் வந்தனர். அவர்கள் குடியேறியது நிலத்தில் என்பதைவிடச் சேற்றில் என்பதே பொருந்தும். அச்சேற்றைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர்கள் குடியிருந்தவர்களே. பம்பாயின் கடல் தூர்ப்பு வரலாறு பொறியாளர்களையும் ஆளுநர்களையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. இத்தூர்ப்பு அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது.

1896இன் பிளேக்குக்குப் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர் - மாட்டுங்கா - வடாலா - சயான் பகுதியைத் திட்டமிட்ட குடியிருப்பாக்க முனைந்தது. அகன்ற தெருக்களும் தோட்டங்களும் வந்தன. மாட்டுங்காவில் தமிழ் எழுத்தர்களும் ஆசிரியர்களும் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. மாட்டுங்காத் தமிழருக்கும் தாராவித் தமிழருக்கும் இடையே நடைதூரமே உண்டு. ஆனால் ஒரு சாரார் வாழ்ந்தது அறக்கட்டளை வகுத்த நிலத்தில். மறுசாரார் வாழ்ந்தது தாமே தூர்த்த நிலத்தில். சாதியும் வர்க்கமும் சேர்ந்து வரைந்த இக்கோட்டை ‘மும்பைத் தமிழர்’ என்ற ஒற்றைத் தொடர் மறைத்துவிடுகிறது.

1910இல் குர்லாவிலிருந்து ரே ரோடு வரை துறைமுக ரயில்பாதை திறக்கப்பட்டது. ஆயினும் வடாலாவின் கிழக்கில் உப்பு விளைந்துகொண்டுதான் இருந்தது. 1930 ஏப்ரல் 30இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளியதைத் தமிழுலகம் நன்கறியும். அதற்கடுத்த வாரங்களில் வடாலா உப்பளங்கள் மீது தொண்டர்கள் மீண்டும் மீண்டும் படையெடுத்ததும், ஜூன் 1 அன்று ஏறத்தாழ 15,000 பேர் திரண்டதும் தமிழ்நூல்களில் அத்தனை பேசப்படுவதில்லை. தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் தலைவர்கள் நடந்து சென்றனர். வடாலாவில் உப்பளம் பெருநகரின் வாசலிலேயே இருந்தது, நகரமே திரண்டு சென்றது. காவலர் தடியடியைத் தாண்டிச் சேற்றில் இறங்கி உப்பை வாரிச் சென்றனர்.

உப்பள நிலம் இன்று மீண்டும் நகரின் பேச்சுப்பொருளாகியுள்ளது. தாராவி மறுசீரமைப்பில், தாராவிக்குள்ளேயே வீடு பெறத் ‘தகுதியற்றோர்’ எனப் பட்டியலிடப்படுவோருக்கு வாடகைக் குடியிருப்புக் கட்ட, காஞ்சுர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் 255.9 ஏக்கர் உப்பள நிலத்துக்கு 2024இல் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சேற்றைத் தூர்த்து நிலமாக்கியோரின் வழித்தோன்றல்கள் சிலர், நகரின் இன்னொரு விளிம்பில் உள்ள இன்னோர் உவர்நிலத்துக்குச் செல்ல நேரலாம். அவ்வளங்களின் பதிவுப் பெயர்கள் ஆர்தர், ஜென்கின்ஸ், ஜமாஸ்ப்.